மூடி போட்ட பள்ளத்தாக்கு: மலை சூழ்ந்த நகரத்தில் காற்று கெடுவது எப்படி?

கேள்வி இது: மலைகளுக்கு நடுவே உள்ள நகரில் ஆண்டு முழுவதும் அதே வண்டிகள் ஓடுகின்றன, அதே ஆலைகள் இயங்குகின்றன. கோடையில் மலை முகடு துல்லியமாகத் தெரிகிறது. குளிர்காலத்தில் சில வாரங்கள் எதிர்த் தெருகூடத் தெரிவதில்லை. புகை அவ்வளவு கூடாதபோது மாசு எப்படிக் கூடுகிறது?

நாம் வெளிவிடும் புகை எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அது கரைய எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. இரண்டாவது முப்பது மடங்குவரை மாறும். பள்ளத்தாக்கைச் சுற்றுச்சுவர் எழுப்பிய ஓர் அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவர்களை நிலவியல் கட்டிவிட்டது. கூரையின் உயரத்தை அன்றன்றைய வானிலை முடிவு செய்கிறது. மூச்சில் போவது இந்த இரண்டும் சேர்ந்த விளைவு.

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். தரையிலிருந்து கிளம்பும் காற்று தங்குதடையின்றி எவ்வளவு உயரம் போய்வர முடிகிறதோ, அதைக் கலப்பு உயரம் என்கிறோம். வெயில் காயும் கோடைப் பிற்பகலில் அது 1,500 மீட்டரைத் தாண்டும், சில இடங்களில் 3,000 வரைகூடப் போகும். குளிர்கால இரவில் 100 அல்லது 200 மீட்டரிலேயே நின்றுவிடும். அந்த உயரத்தை, அந்த அடுக்கில் வீசும் காற்றின் சராசரி வேகத்தால் பெருக்கினால் காற்றோட்டக் குறியீடு கிடைக்கும். கோடைப் பிற்பகலில் 1,500 மீட்டர் உயரம், நொடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் 4,500. குளிர்கால விடியலில் 150 மீட்டர் உயரம், நொடிக்கு 1 மீட்டர் காற்று என்றால் 150. அதே புகைக்கு 30 மடங்கு அடர்த்தி.

காற்று அடியோடு நின்றுபோனால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 20 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உள்ள பள்ளத்தாக்கில் 200 மீட்டர் உயரத்தில் மூடி விழுந்தால், உள்ளே இருப்பது 4,000 கோடி கனமீட்டர் காற்று. நகரம் ஒரு நாளில் 2 டன் நுண்துகளை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுதும் உள்ளேயே தங்கினால் ஒவ்வொரு நாளும் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஏறும். பி.எம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு 15 மைக்ரோகிராம். நடைமுறையில் கொஞ்சம் கசிந்து வெளியேறும், கொஞ்சம் தரையில் படியும், ஆகவே ஏற்றம் இதைவிட மெதுவாக இருக்கும். ஆனால் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும் இந்தப் போக்கு மாறாது. மூடி விழுந்த முதல் நாள் காற்று பரவாயில்லை என்றுதான் தோன்றும். நான்காம், ஐந்தாம் நாளில்தான் மருத்துவமனை நிரம்பும்.

மூடி எப்படி விழுகிறது

மேலே போகும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதால் குளிர்கிறது. உலர்ந்த காற்று என்றால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி. சுற்றியுள்ள காற்றும் உயரத்துடன் அதே வேகத்தில் குளிர்ந்தால், கிளம்பிய புகை தடையின்றி மேலே போகும். சுற்றியுள்ள காற்று அவ்வளவு வேகமாகக் குளிராவிட்டாலோ, உயரே போகப்போக வெப்பமாகிவிட்டாலோ, கிளம்பிய காற்று தன்னைச் சுற்றியுள்ளதைவிடக் கனமாகிக் கீழே திரும்பிவிடும். உயரே போகப்போக வெப்பம் கூடும் நிலைதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். அது கண்ணுக்குத் தெரியாத மூடி. புகையை அது அழுத்திப் பிடிப்பதில்லை, ஏற விடுவதில்லை, அவ்வளவுதான்.

மூடி மூன்று வழிகளில் உருவாகிறது. எது எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால், எப்போது விலகும் என்பதையும் ஊகிக்கலாம்.

முதலாவது, இரவு மூடி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. சமவெளியிலும் இது நடக்கும். பள்ளத்தாக்கில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் வழிவதுபோல் கீழே வழிந்து, அடியில் குளமாகத் தேங்குகிறது. விடியலில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி, சரிவின் நடுப்பகுதியைவிட 5 முதல் 10 டிகிரிவரை குளிர்ந்திருப்பது அரிதல்ல. உறைபனிக்கு அஞ்சும் பழமரங்களை அடிவாரத்தில் வைக்காமல் சரிவின் இடைப்பகுதியில் வைப்பதற்கு இதுவே காரணம். உழவர்களுக்கு இந்த வெப்பப் பட்டை நெடுங்காலமாகத் தெரியும். காற்று மாசு பேசுபவர்கள்தான் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, உயரழுத்த மூடி. உயரழுத்த மண்டலத்தில் மேலிருந்து காற்று மெல்ல இறங்கி, அமுங்கிச் சூடாகிறது. அந்தச் சூடான அடுக்கு தரைவரை வராமல் சில நூறு மீட்டர் உயரத்தில் தங்கிவிடுகிறது. சிலி நாட்டின் சாந்தியாகோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கே ஆண்டீஸ், மேற்கே கடலோர மலைத்தொடர், தலைக்கு மேலே பசிபிக் உயரழுத்த மண்டலத்தில் இறங்கும் காற்று. லாஸ் ஏஞ்சலிஸிலும் இதே இறங்கு காற்றுதான், அடியில் கடற்காற்றின் குளிர் சேர்ந்துகொள்கிறது. அங்கே மூடி கோடையிலும் இருக்கும்.

மூன்றாவது, மேலே வந்து கவியும் வெப்பக் காற்று. பள்ளத்தாக்கில் பழைய குளிர்காற்று தேங்கிக் கிடக்கும்போது, மலைமுகட்டு உயரத்தில் வெப்பமான காற்று வந்துசேர்கிறது. முகட்டில் காற்று நன்றாக வீசும், அடியில் இலைகூட அசையாது. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்தில் குளிர்காலத்தில் பல நாட்கள் நீடிக்கும் குளிர்க் குளங்கள் பெரும்பாலும் உயரழுத்தமும் இதுவும் சேர்ந்து உண்டாவது. அந்த நகரத்துக்குக் கிழக்கே வாசாட்ச் மலை, மேற்கே ஓக்கர் மலை, வடமேற்கே உப்பு ஏரி. அடியில் உள்ள குளிர்காற்றுக்குப் போக்கிடம் குறைவு.

மூடி ஏன் சில நாள் விலகுகிறது, சில நாள் விலகுவதில்லை

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வெயில் வந்தால் மூடி உடைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எவ்வளவு வெயில் என்பதே கேள்வி.

300 மீட்டர் ஆழமுள்ள ஒரு குளிர்க் குளத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் 4 டிகிரி, 300 மீட்டர் மேலே 10 டிகிரி. மூடி கரைய இந்த 6 டிகிரி இடைவெளியை நிரப்பினால் போதாது. 300 மீட்டர் ஏறும்போது காற்று தானாகவே 3 டிகிரி குளிரும் என்பதால், தரைக்காற்றை 9 டிகிரி, அதாவது 13 டிகிரிவரை சூடாக்க வேண்டும். உயரே போகப்போகத் தேவை குறையும் என்பதால் சராசரியாக 4.5 டிகிரி. அப்படிக் கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலுள்ள காற்றுக்குச் சுமார் 16 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். வெற்றுத் தரை, தெளிவான வானம் என்றால் குளிர்கால வெயிலில் தரையிலிருந்து காற்றுக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட் அளவில் வெப்பம் போகலாம். நாலரை மணி நேரத்தில் மூடி கரையும். காலை 8 மணிக்கு வெயில் பட்டால் மதியம் 12:30.

இப்போது தரையில் வெண்பனி படிந்திருக்கிறது என்று வையுங்கள். புதிய பனி சூரிய ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றுக்குக் கிடைப்பது 20 வாட்தான் என்றால் 22 மணி நேர வெயில் வேண்டும். குளிர்காலப் பகல் அவ்வளவு நீளமில்லை. அன்று மூடி விலகாது. இரவில் குளிர் இன்னும் சேரும், மறுநாள் தேவை இன்னும் கூடும். அடர்மூடுபனி கவிந்தாலும் இதே நிலைதான். அதன் மேற்பரப்பு ஒளியைத் திருப்பிவிடுகிறது, தரை சூடாவதில்லை. பனி பெய்து, வானம் தெளிந்து, காற்று அடங்கினால் அடுத்த ஒரு வாரத்துக்கு எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தாக்கின் வடிவமும் இந்தக் கணக்கில் சேர்கிறது. சுவர்கள் சரிந்திருப்பதால் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு, அதே அகலமுள்ள சமவெளிக்கு மேலுள்ள காற்றைவிடக் குறைவு. கூர்மையான பள்ளத்தாக்கில் பாதிதான். ஆகவே வெயில் கிடைத்தால் வேகமாகச் சூடாகும், இரவில் வேகமாகக் குளிரும். ஆனால் கிழக்கு மலையின் நிழலால் அடிவாரத்துக்கு வெயில் தாமதமாக வரும், மேற்கு மலையால் சீக்கிரமே போய்விடும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும்போது, கிழக்கு மேற்காக ஓடும் ஆழமான பள்ளத்தாக்கில் நிழல் பக்கச் சரிவு நாள் முழுவதும் வெயில் காணாமலே போகலாம்.

மூடி கீழிருந்து மட்டும் கரைவதில்லை. வெயில் பட்ட சரிவுகளை ஒட்டிக் காற்று மேலே ஏறும்போது அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துச் செல்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுப்பகுதியில் மூடி கீழே இறங்குகிறது. கீழிருந்து கலப்பு அடுக்கு வளர, மேலிருந்து மூடி இறங்க, இரண்டும் சந்திக்கும் கணத்தில் பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது.

பல நாள் நிலைத்த குளிர்க் குளத்தை வெயில் மட்டும் அசைக்காது. குளிர்ந்த புதிய காற்றுடன் ஒரு வானிலை முகப்பு (இருவேறு காற்றுத் திரள்கள் சந்திக்கும் எல்லை) வந்து, மேலே உள்ள வெப்ப அடுக்கைப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

மலைக்காற்றும் பள்ளத்தாக்குக் காற்றும்

பகலில் சரிவுகள் சூடாகி, காற்று மேல்நோக்கியும் பள்ளத்தாக்கின் உள்நோக்கியும் வீசும். இரவில் திசை திரும்பும். நொடிக்கு 1 முதல் 4 மீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்று இது. புத்தகத்தில் படிக்கும்போது இது நகரைத் தினமும் கழுவிவிடும் என்று தோன்றும். பல இடங்களில் நடப்பது வேறு. பகலில் மலைப்பக்கம் போன புகை இரவில் அதே வழியாகத் திரும்பி வருகிறது. பாதை மூடப்பட்ட வட்டமாக இருந்தால், அதே காற்று தினமும் போய்த் திரும்பும்போது மாசைச் சேர்த்துக்கொண்டே வரும்.

இரவில் இறங்கும் காற்று நல்லதா கெட்டதா என்பது, அது எதன்மேல் தவழ்ந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு நகரங்களை ஒப்பிட்டால் இது கண்கூடு. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றுச் சரிவுகளில் காடும் திராட்சைத் தோட்டமும். இரவில் அங்கிருந்து இறங்குவது தூய குளிர்காற்று. நகர நிர்வாகம் 1938 முதலே வானிலை வல்லுநரை வைத்துக்கொண்டு, அந்தக் காற்று வரும் பாதைகளைக் குறித்து, அவற்றின் குறுக்கே கட்டடம் எழாமல் காக்கிறது. மங்கோலியாவின் உலான்பாட்டரும் பள்ளத்தாக்கு நகரம்தான், 1,300 மீட்டருக்கு மேல். அங்கே சரிவுகளில் இருப்பது கூடாரக் குடியிருப்புகள். வீட்டுக்கு வீடு அடுப்பு, சைபீரிய உயரழுத்தத்தின் கடுங்குளிர், தாழ்வான புகைபோக்கிகள். இரவில் இறங்கும் காற்று அந்தப் புகையைத் திரட்டி நகர மையத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. 2019 மே மாதம் கச்சா நிலக்கரிக்குத் தடை வந்து கரிக்கட்டிகள் வழங்கப்பட்டன. எரியும் விதம் மாறிய அந்த எரிபொருளால் கார்பன் மோனாக்சைடு நச்சேறி வீடுகளுக்குள் உயிரிழப்புகள் நேர்ந்தன. அடுப்பையும் புகைபோக்கியையும் வீட்டுக் காற்றோட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்யாமல் எரிபொருளை மட்டும் மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம்.

காத்மாண்டு சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிண்ணம், சுற்றிலும் 2,000 முதல் 2,800 மீட்டர் மலைகள். பிற்பகலில் மேற்குக் கணவாய்கள் வழியாகக் காற்று நுழைந்து ஓரளவு சுத்தம் செய்கிறது. அந்தி சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது. செங்கல் சூளைகள் எரிவதும் மழையற்ற குளிர்காலத்தில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழை வந்தால்தான் காற்று உண்மையில் தெளிகிறது. ஒரு சிறு தூறல் வந்தால் மாசு கழுவப்பட்டுவிடும் என்று நம்ப வேண்டாம். மழைத்துளி பெரிய தூசியைப் பிடிக்கும். 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள் துளியைச் சுற்றி வழுக்கிப் போய்விடும். தூறலுக்குப் பின் பி.எம் 10 (10 மைக்ரோமீட்டர்வரையிலான துகள்கள்) குறைந்து, பி.எம் 2.5 அசையாமல் இருந்தால் கருவியைப் பழிக்க வேண்டாம்.

காலை 8 மணியின் உச்சம்

பள்ளத்தாக்கு நகரங்களின் மாசு வரைபடத்தில் நாளுக்கு இரண்டு மேடுகள் தெரியும். மாலை மேடு எளிதில் விளங்கும்: வண்டியும் அடுப்பும் கூடும் நேரத்தில் மூடி இறங்குகிறது. காலை மேட்டுக்கு நெரிசல் மட்டும் காரணமல்ல. இரவில் உயரமான புகைபோக்கிகளின் புகை, குளிர் அடுக்குக்குள் கலக்காமல் ஒரு நாடாபோல் மிதந்துகொண்டிருக்கும். காலையில் தரை சூடாகி, கலப்பு அடுக்கு வளர்ந்து அந்த நாடாவைத் தொட்டதும், இரவெல்லாம் சேர்ந்தது சில நிமிடங்களில் தரைக்கு இறங்குகிறது. மூடி உடையத் தொடங்கும் நேரமே சில இடங்களில் அன்றைய மிக மோசமான நேரம். புகைபோக்கியை உயரமாகக் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்கள் தவறவிட்டது இதைத்தான். புகை மூடிக்கு மேலே போனால் மட்டுமே தப்பிக்கும், மூடியின் உயரமோ தினமும் மாறுகிறது.

அடைபட்ட காற்றுக்குள் நடக்கும் வேதியியல்

பெட்டிக்குள் புகை அப்படியே இருப்பதில்லை. வண்டிகளிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகி, கால்நடைக் கழிவும் உரமிட்ட வயலும் தரும் அமோனியாவுடன் சேர்ந்து அமோனியம் நைட்ரேட் துகளாகின்றன. குளிரும் ஈரமும் இருந்தால் அது துகளாகவே நிற்கும், வெப்பத்தில் மீண்டும் வாயுவாகும். சால்ட் லேக் பள்ளத்தாக்கின் மோசமான நாட்களில் நுண்துகளின் பெரும்பகுதி இதுதான். ஆல்ப்ஸுக்கும் அப்பெனைனுக்கும் நடுவில் உள்ள இத்தாலியின் போ சமவெளியிலும் இதே கதை. ஆகவே இங்கெல்லாம் புகைபோக்கியிலிருந்து வரும் கரியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதி மாசு கணக்கிலேயே வராது.

கோடையில் ஆட்டம் மாறுகிறது. வலுவான சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் சேர்ந்து, தரைமட்டத்தில் நுரையீரலுக்குக் கெடுதலான ஓசோனை உருவாக்குகின்றன. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரம் இதற்கு இரட்டிப்பு விலை கொடுக்கிறது. கடல்மட்டத்தைவிட அங்கே ஆக்சிஜன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு, அதற்கேற்பச் சரிசெய்யாத எஞ்சின்கள் எரிபொருளை முழுதாக எரிப்பதில்லை. புற ஊதாக் கதிரோ கூடுதல். அங்கே ஓசோன் மழைக்கு முந்தைய மார்ச் முதல் மே வரை உச்சத்தில் இருக்கும். 1989-இல் வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு காரும் ஓடக் கூடாது என்று விதித்தார்கள். பலர் வேறு எண் கொண்ட இரண்டாவது காரை, பெரும்பாலும் பழைய காரை வாங்கினார்கள். விதியை மக்கள் எப்படிச் சுற்றி வருவார்கள் என்று முதலிலேயே கணக்கிட வேண்டும்.

புவியியல் தலைவிதியா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடியைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, மலையும் வானிலையும்தான் குற்றவாளி என்று ஒதுங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

1930 டிசம்பர் முதல் வாரத்தில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனியும் ஆலைப்புகையும் சில நாட்கள் தேங்கி, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணையில் பங்குபெற்ற ஃபிர்கே என்ற மருத்துவர், இதே நிலை லண்டனில் நேர்ந்தால் 3,200 பேர் இறப்பார்கள் என்று கணித்தார். 1952 டிசம்பரில் லண்டனில் அதுவே நடந்தது, முதல் கணக்கிலேயே சுமார் 4,000 உயிர்கள். நடுவில் 1948 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் டொனோரா. மொனொங்கஹீலா ஆற்றின் வளைவில் 14,000 பேர் வாழ்ந்த ஊர், துத்தநாக ஆலை, எஃகு ஆலை. சில நாள் மூடியில் 20 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றார்கள். 31-ஆம் தேதி மழை வந்து கலைத்தது. அந்தப் பள்ளத்தாக்குகளில் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ முறை மூடி விழுந்திருக்கிறது. மூடி கொல்வதில்லை. அதன் அடியில் எதை எரிக்கிறோம் என்பதே கொல்கிறது.

இன்னும் தெளிவான சான்று அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் கிடைத்தது. 1986 ஆகஸ்ட் முதல் 1987 செப்டம்பர் வரை, தொழிலாளர் தகராறால் அங்கிருந்த எஃகு ஆலை மூடிக்கிடந்தது. அதே மலை, அதே குளிர்காலம். ஆலை இயங்கிய குளிர்காலங்களில் மூச்சுக்கோளாறுடன் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடிக்கிடந்த குளிர்காலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்று ஆர்டன் போப் என்ற ஆய்வாளர் காட்டினார்.

உங்கள் பள்ளத்தாக்கை நீங்களே அளக்க

விலையுயர்ந்த பலூன் கருவிகள் இல்லாமலே மூடியின் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரே சரிவில், ஒவ்வொரு 100 மீட்டர் உயர வித்தியாசத்துக்கும் ஒன்றாக நான்கைந்து வெப்பநிலைப் பதிவுக் கருவிகளை வையுங்கள். தரையிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர் உயரம், காற்றோட்டமுள்ள வெள்ளை வெயில் மறைப்பு, 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஓடைப் பள்ளங்களில் வைக்காதீர்கள். குளிர்காற்று வழிவது அங்கேதான், அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். சரிவில் புடைத்து நிற்கும் மேடுகளே ஏற்றவை.

கிடைத்த ஒவ்வோர் அளவுடனும், அடிவாரத்திலிருந்து 100 மீட்டருக்கு 1 டிகிரி கூட்டுங்கள். விடியலில் அடியில் 6, 100 மீட்டரில் 8, 200-இல் 11, 300-இல் 11, 400-இல் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டிய பின் 6, 9, 13, 14, 14. எண் உயர்ந்துகொண்டே போகும்வரை குளிர்க் குளம். உயர்வது நிற்கும் இடம் அதன் மேல்விளிம்பு. இங்கே 300 மீட்டர். பிற்பகலில் எல்லா எண்களும் ஏறக்குறைய ஒன்றானால் பள்ளத்தாக்கு திறந்துவிட்டது. பிற்பகல் 3 மணிக்கும் அடி எண் தாழ்ந்தே இருந்தால் மூடி அன்று விலகவில்லை, நாளை இன்னும் மோசம். கருவியே இல்லாவிட்டால் காலையில் ஒரு புகைபோக்கியைப் பாருங்கள். புகை கொஞ்சம் ஏறி, மேசைபோல் தட்டையாகப் பரவினால், அந்தத் தட்டையான விளிம்புதான் மூடி.

துகள் அளக்கும் சிறு லேசர் கருவிகள் பயனுள்ளவைதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும், கருவி கூட்டிச் சொல்லும். மூடுபனிக் காலையில் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஒரு கருவியை அடிவாரத்தில் வைத்து நகரம் முழுவதற்கும் பேசுவதும் தவறு. அடியில் ஒன்று, இடைச்சரிவில் ஒன்று, மேலே ஒன்று இருந்தால்தான் மூடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

எதை, எப்போது குறைப்பது

இரவில் மட்டும் விழுந்து பகலில் விலகும் மூடி என்றால், நேரத்தை மாற்றுவதே பெரிய லாபம். பிற்பகல் 2 மணிக்கு விடும் ஒரு கிலோ புகை 1,500 மீட்டரில் கரைகிறது. அதே கிலோவை மாலை 7 மணிக்கு விட்டால் 150 மீட்டரில் அடைபடுகிறது. ஆகவே அந்தியில் குப்பை, சருகு எரிப்பதை நிறுத்துவது, அதன் அளவு சிறிதாக இருந்தாலும், பெரும் பலன் தரும். சரக்கு வண்டிகளை விடியலுக்கு முன் நகருக்குள் விடும் ஏற்பாட்டை நெரிசல் குறையும் என்பதற்காகச் செய்கிறார்கள். காற்றைப் பொறுத்தவரை அதுவே மிகக் கெட்ட நேரம்.

பல நாள் நீடிக்கும் மூடி என்றால் நேர மாற்றம் உதவாது, பகலிலும் திறப்பதில்லையே. அங்கே மொத்த அளவைத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மூடி விழுவதற்கு முந்தைய நாளே. பெட்டிக்குள் ஏறிவிட்ட மாசை அடுத்த நாள் தடை இறக்காது, மேலும் ஏறுவதை மட்டுமே தடுக்கும். சால்ட் லேக் பகுதியில் மர அடுப்புக்கான தடையை, அமெரிக்காவின் 24 மணி நேர வரம்பான 35 மைக்ரோகிராமைத் தொட்ட பிறகு அல்ல, முன்னறிவிப்பை வைத்து முன்பே அறிவிக்கிறார்கள். வரம்பு தாண்டியதும் நடவடிக்கை என்று எழுதிவைத்திருக்கும் திட்டங்கள் பள்ளத்தாக்கில் எப்போதும் பிந்தியே வரும்.

ஒரு திட்டம் பலித்ததா என்பதை இரண்டு குளிர்காலச் சராசரிகளை ஒப்பிட்டு முடிவு செய்யக் கூடாது. இந்த ஆண்டு காற்று நன்றாக வீசியிருக்கலாம். காற்றோட்டக் குறியீடு ஒரே அளவில் இருந்த நாட்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அப்போதுதான் மாறியது புகையா, வானிலையா என்று பிரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தினமும் திறக்கும் மூடி என்றால் பிற்பகல் 1 முதல் 4 மணிவரை சன்னல்களைத் திறந்து, அந்திக்கு முன் மூடுங்கள். நடைப்பயிற்சியையும் விடியலிலிருந்து அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் அறையின் கன அளவை 5-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 36 கனமீட்டர், மணிக்கு 180 கனமீட்டர் தூய காற்று தரும் கருவி தேவை. அந்த அளவை விசிறி எந்த வேகத்தில் தருகிறது என்றும் பாருங்கள், அறிவிக்கும் எண் பெரும்பாலும் மிக வேகமான, மிகச் சத்தமான நிலையில் அளந்தது. வெளியே போக நேர்ந்தால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம். துணி முகக்கவசம் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது.

மூடி உடையும் நாளிலும் அவசரப்பட வேண்டாம். வானம் வெளுக்கிறதே என்று காலை 9 மணிக்குச் சன்னலைத் திறந்தால், மேலிருந்து இறங்கும் பழைய புகையை வீட்டுக்குள் அழைத்ததாகிவிடும். அடிவாரத்து வெப்பமானியில் வெப்பம் சட்டென்று ஏறி, மரக்கிளைகள் அசையத் தொடங்கி, தூரத்து மலை அடிமுதல் முடிவரை ஒரே தெளிவில் தெரியும்வரை பொறுத்து, அதற்குப் பின் திறங்கள்.